ஏழு சுற்றுக் கம்பி

மிதப்பு இன்னும் அசையவில்லை. அசைய வேண்டும் என்று ஒரு மனசு, அசையாமலே போய்விட்டால் தப்பித்தேன் என்று இன்னொரு மனசு, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இந்த மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். மணி ஆறே கால் இருக்கும். சடையன் குளத்தின் மேல் மார்கழிப் பனி ஒரு முழ உயரத்துக்கு நிற்கிறது. அக்கரை தெரியவில்லை, கோயில் ஸ்பீக்கர் சத்தம் மட்டும் வருகிறது. மயில் இறகுத் தண்டில் நானே செய்த மிதப்பு, சிவப்பு நுனி, அதற்குக் கீழே ஓர் ஆள் ஆழத்துக்கு நரம்பு, அதன் முனையில் மைதாவும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை, உருண்டைக்குள் முள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இடம் மட்டும் என்னுடையது இல்லை. தண்டபாணியுடையது. அவன் நாலு நாளாகத் தீனி போட்டுப் பழக்கி வைத்த இடத்தில் அவன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் நான் தூண்டில் போட்டிருக்கிறேன். சொல்லிவிட்டேன். மனசுக்குள் சொன்னால் யாருக்குக் கேட்கப் போகிறது. கேட்டால்தான் என்ன, பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் இந்தக் கரைக்கு வருகிறேன், ஒரு தடவையாவது ஒரு பெரிய மீன் என்னைத் தேடி வந்ததா. எனக்கு வருவதெல்லாம் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ. அவனுக்கு மட்டும் ஏழு, ஒன்பது, பதினாலு. குளத்துக்குள் யாரோ உட்கார்ந்து ஆள் பார்த்துப் பந்தி பரிமாறுகிற மாதிரி.

கெண்டை ஜாதி மீன் சும்மா வந்து கடித்துவிடாது. கட்லாவோ ரோகுவோ, உடம்பு பெருக்கப் பெருக்கச் சந்தேகமும் பெருக்கும். அதனால் இடத்தைப் பழக்க வேண்டும். தினமும் விடிகாலையில் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தவிடும் புண்ணாக்கும் உருட்டிப் போட வேண்டும். முதல் நாள் குஞ்சு குளுவான்தான் வரும். இரண்டாம் நாள் அரைக் கிலோக்கள். நாலாம் நாள்தான் பெரியவர்கள், தாமதமாகக் கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் போல, வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் தூண்டில். யார் தீனி போட்டாரோ அவர் அந்த இடத்தில் ஒரு குச்சி ஊன்றித் தன் அடையாளத்தைக் கட்டி வைப்பார். அவர் ஒரு தடவை தூண்டில் போட்டு எழுந்த பிறகுதான் அடுத்தவர் அங்கே உட்காரலாம். எங்கும் எழுதி வைக்கவில்லை, இந்தக் கரையில் நாங்கள் நாலு பேர், நாலு பேரும் இதுவரை மீறியதில்லை. தண்டபாணியின் அடையாளம் பச்சைத் துண்டுக் கிழிசல். என்னுடையது செப்புக் கம்பி, ஏழு சுற்று. நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன், என்னிடம் கம்பிக்கு என்ன பஞ்சம். ஏழு சுற்றுச் சுற்றி, முனையை அடிச்சுற்றுக்குள் சொருகிவிடுவேன், எந்தக் காற்றுக்கும் அவிழாது. காலையில் அந்தக் கோணல் வேப்பமரத்தடிக்கு வந்தபோது இருட்டு. குச்சியும் அதில் வெளுப்பாகத் தொங்குகிற துண்டும் தெரிந்தன. ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு குனிந்து குச்சியை அடியில் பிடித்து உருவி எடுத்து, ஆமாம், நான்தான், இந்தக் கையால்தான், பின்னால் இருக்கிற வேலிக்காத்தான் புதருக்குள் வீசி எறிந்தேன். குச்சியே இல்லையேப்பா, எவனோ புடுங்கிட்டுப் போயிட்டான் போல, என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லவேண்டிய வார்த்தைகளைக் கூட வரும் வழியிலேயே சைக்கிள் மிதித்துக்கொண்டே தயார் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் குச்சியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே.

நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் அவன் போன் செய்தான். டவுன் பஸ் கண்டக்டர், பின்னால் விசில் சத்தமும் சில்லறைச் சத்தமும். "ண்ணா, நாளைக்கு எனக்கு டூட்டி போட்டுட்டாங்க, வர முடியாதுங்ணா. நீங்க வெடியால நேரத்துல போயிருங்க. கோண வேம்புக்குக் கீழ பாருங்க. போனா உங்குளுக்கே தெரியும்." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் என்னை ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை. என்ன தெரியும். உன் பச்சைத் துண்டு தெரியும். இந்த இடம் எனக்கு, நீ அந்தப் பக்கம் போய் உட்கார் என்று தெரியும். வரமுடியாத நாளிலும் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு அதை என்னிடமே சொல்லிக் காட்டுகிறான். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிறவர்களைத் தினமும் பார்த்துப் பார்த்து அவனுக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு எப்படி நினைப்பது.

குமிழி. மிதப்புக்கு ஒரு முழம் தள்ளி மூன்று குமிழி, பிறகு ஒன்று, பிறகு பொடிப்பொடியாக ஒரு கூட்டம். அடியில் மண்ணைக் கிளறுகிறார்கள். என் கைவிரல்கள் தாமாகவே தடியைத் தொட்டுக்கொள்கின்றன. இத்தனை குமிழியை என் இடத்தில் நான் பார்த்ததே இல்லை. அவன் தீனியில் என்னத்தைத்தான் கலக்கிறான். கேட்டால் "நீங்க போடற அதே தவிடுதானுங்ணா" என்பான். சோம்பு போட்டுப் பார்த்தேன், வறுத்த வெந்தயம் போட்டுப் பார்த்தேன், ஏலக்காய் போட்டுப் பார்த்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரி கிருஷ்ணவேணிக்கு அவன் கொடுத்தனுப்புகிற மீன் என்றால் தனிச் சந்தோஷம். "ஏனுங்க, தண்டபாணியண்ணன் மீனுல மண்ணு வாசமே அடிக்கறதில்ல பாருங்க." ஒரே குளம், ஒரே தண்ணி, ஒரே மண்ணு. என் மீனில் அடிக்கிறது, அவன் மீனில் அடிக்கவில்லை. அப்போது சட்டியில் இருந்து இரண்டு துண்டு போட்டுக்கொண்டு, ஆமாம் என்று சொல்லி, முள்ளைத் துப்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு ருசியாகத்தான் இருந்தது. அதுவே இன்னும் எரிந்தது.

எரிச்சலைப் பற்றி எனக்குத் தெரியாதா. என் கடைக்கு வருவதெல்லாம் எரிந்துபோன மோட்டார்கள்தான். வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும், பித்தளைத் தகட்டில் பேர் பளபளவென்று இருக்கும். மூடியைத் திறந்தால்தான் உள்ளே கருகிய வார்னிஷ் நாற்றம் குப்பென்று அடிக்கும். பதினோரு வருஷமாக நானும் தண்டபாணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், ஒரே தூக்குப்போசியில் டீ குடித்திருக்கிறோம், அவன் மீன் பிடிக்கிறபோதெல்லாம் "அட சபாஷ்" என்று முதலில் சொல்கிறவன் நான்தான். ஒரு தடவைகூட மூடியை அவன் திறந்து பார்த்ததில்லை. உக்கடத்துக்குப் பக்கத்தில் தூண்டில் சாமான் கடையில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறார்கள். தண்டபாணி பதினாலு கிலோ கட்லாவைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கிறான். வால் பக்கம் நான் தாங்கிப் பிடித்திருந்தேன். கடைக்காரர் சட்டத்துக்கு அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டிவிட்டார். மிச்சம் இருப்பது என் நாலு விரல்கள். முள் வாங்கப் போகும்போதெல்லாம், நரம்பு வாங்கப் போகும்போதெல்லாம், அந்த நாலு விரலும் சுவரில் இருந்து என்னைப் பார்க்கும். இது யார் விரல் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இழுத்துவிட்டது. நினைப்பில் இருந்தேன், சிவப்பு நுனி சாய்ந்து வழுக்கிக்கொண்டு போனது, தட்டித் தூக்கினேன், மாட்டியது. ரோகு. மூன்றரைக் கிலோவாவது வரும். பதினோரு வருஷத்தில் இதுவே எனக்குப் பெரிசு, அதுவும் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்குள். கை வலையில் அள்ளி, முள்ளைக் கழற்றி, கரையோரத் தண்ணீரில் கட்டியிருக்கிற வலைப்பைக்குள் விட்டேன். சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் சந்தோஷத்துக்குப் பக்கத்திலேயே அவனும் உட்கார்ந்திருக்கிறான். இது அவன் போட்ட தீனியைத் தின்ற மீன். இருக்கட்டும். அவன் என்ன இந்த மீனைப் பெற்று வளர்த்தானா. குளம் பொது, தண்ணி பொது. அப்படிப் பார்த்தால் குச்சி ஊன்றுவது என்ன நியாயம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே நீதானடா வெள்ளிங்கிரி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே வேப்பமரத்தடியில், நாலு பேரையும் உட்காரவைத்து, சண்டை வரக்கூடாது என்று நீதான் சொன்னாய். அதை ஏன் இப்போது ஞாபகப்படுத்துகிறாய். உருண்டை பிசைய வேண்டும், மாவு காய்கிறது.

நீதான் இன்னொன்றும் சொன்னாய். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, வேலை ஒழியவில்லை என்றால் இன்னொருத்தர் அவருக்காகத் தீனி போடலாம். அப்போது குச்சியில் மேலே யாருக்காகப் போட்டதோ அவர் அடையாளம், கீழே போட்டவர் அடையாளம். அப்படி ஒரே ஒரு தடவைதான் நடந்தது. போன வருஷம் தண்டபாணிக்கு மஞ்சக்காமாலை வந்து ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தான். எழுந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் இடம் பழக்கி வைக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மேலே பச்சைத் துண்டு, கீழே என் கம்பி. புதன்கிழமை போட்டேன். வியாழக்கிழமை விடிகாலையில் எழுந்து, புண்ணாக்கு வாளியைச் சைக்கிளில் மாட்டி, வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றேன். வெளுத்துப்போய் மெலிந்து வருகிறவன், முதல் நாளே பத்துக் கிலோவைத் தூக்கிவிட்டால். மறுபடியும் கடைச் சுவரில் இன்னொரு போட்டோ. வாளியை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். வெள்ளி, சனியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் மத்தியானம் வரைக்கும் வெயிலில் உட்கார்ந்திருந்தான். ஒரு குஞ்சு கூடத் தொடவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக நாலு நாளு தூக்கங் கெட்டீங்களேண்ணா" என்றான். கை சூடாக இருந்தது. நான் "அட விடப்பா" என்றேன். விலாங்கு மீன் பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்பார்கள். இந்தக் குளத்தில் விலாங்கு இல்லை என்று யார் சொன்னது, கரையிலேயே ஒன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

பனி விலகிவிட்டது. வெயில் முதுகில் படுகிறது. அடுத்து வந்தது ஒரு புல்கெண்டை, அதுவும் நாலு கிலோவுக்குக் குறையாது, அதற்குப் பிறகு இன்னொரு ரோகு. சீக்கிரம், சீக்கிரம், யாராவது வருவதற்கு முன்னால், என்று அவசரமாக உருண்டை பிசைகிறேன். ஒன்பது மணி சுமாருக்கு மிதப்பு வேறு மாதிரி செய்தது. சாயவில்லை, ஓடவில்லை. மெல்ல ஒரு விரல்கடை மேலே எழும்பி, நின்று, யோசித்து, பிறகு யாரோ கீழே இருந்து சுண்டு விரலால் அழுத்தின மாதிரி நேராக இறங்கியது. கட்லா அப்படித்தான். பெரிய கட்லா. தூக்கினேன். பாறையில் மாட்டியதுபோல ஒரு நொடி நின்றது, பிறகு அந்தப் பாறை நடக்க ஆரம்பித்தது. ரீல் கத்தியது. நூறு அடி நரம்பு போய்விட்டது, நூற்றைம்பது, ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் போனால் முடிந்தது கதை, தடியை இடது பக்கம் சாய்த்து இழுத்தேன், நரம்பு விரலை அறுத்தது, விடவில்லை. காயிலைச் சுற்றுகிற விரலய்யா இது, இழுவை எவ்வளவு தாங்கும் என்று கம்பியைக் கேட்காமலே தெரியும். இழுத்தால் விட்டேன், நின்றால் சுற்றினேன். அரை மணி நேரம். அந்த அரை மணியும் ஒரே நினைப்பு. தண்டபாணி, நீ பார்க்க வேண்டும். தண்டபாணி, நீ பார்த்துவிடக் கூடாது. இந்த உலகத்தில் நான் இந்த மீனைக் காட்ட ஆசைப்படுகிற ஒரே ஆள் அவன்தான், காட்ட முடியாத ஒரே ஆளும் அவன்தான். தலை தெரிந்தது. அவ்வளவு பெரிய தலை, மேல்நோக்கித் திறந்த வாய், ரோஜா நிறம் கலந்த செதில். வலையில் அள்ளும்போது நான் முழங்கால் வரைக்கும் சேற்றில் நிற்கிறேன் என்பதே தெரியவில்லை. ஸ்பிரிங் தராசில் மூன்று தடவை நிறுத்தேன். மூன்று தடவையும் பதினைந்தே கால். தண்டபாணியுடையதைவிட ஒன்றேகால் கிலோ கூட. நான் அழுதேன் என்று சொல்ல மாட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

வலைப்பையில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். மெல்லச் செவுளை அசைத்துக்கொண்டு கிடந்தது. இனி கடைச் சுவரில் என் போட்டோ. முழு ஆள், பத்து விரலும் தெரிய. எங்கே பிடிச்சீங்க என்று கேட்பார்கள். கோண வேம்புக்குக் கீழே. தீனி யார் போட்டது. நான்தான். எப்போது போட்டீங்க, நான் புதன்கிழமை அங்கே வந்தேனே உங்களைக் காணோமே என்று எவனாவது கேட்டால். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரிதான், கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தேன், உட்கார முடியவில்லை, எழுந்தேன். முதுகுப் பக்கம் வேலிக்காத்தான் புதருக்குள் ஏதோ ஒன்று வெயிலில் மினுங்கியது. பாட்டில் சில்லு. சாராயம் குடிக்கிறவர்கள் போடுவது. திரும்பி மிதப்பைப் பார்த்தேன். பாட்டில் சில்லு இந்த நிறத்தில் மினுங்காது. பார்க்காதே. முப்பது வருஷமாகத் தினமும் நான் தொடுகிற நிறம் அது, தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் தெரியும். பார்க்காதேடா. போய்ப் பார்த்தேன்.

ஒரு கை ஆழத்துக்கு முள்ளுக்கு நடுவில் அந்தக் குச்சி சாய்ந்து கிடந்தது. கீழே பச்சைத் துண்டு. மேலே, குச்சியின் தலையில், செப்புக் கம்பி. எண்ணினேன். ஏழு. முனை அடிச்சுற்றுக்குள் சொருகியிருந்தது, நான் ஒருநாள் விளையாட்டாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கொஞ்சம் கோணலாக. மேலே என் அடையாளம், கீழே அவன் அடையாளம். எனக்காகப் போட்டிருக்கிறான். நாலு நாள், நாலரை மணிக்கு எழுந்து, ஐந்தரைக்கு முதல் டிரிப்புக்கு ஓடுவதற்கு முன்னால், எனக்காக. போனா உங்குளுக்கே தெரியும். இருட்டில் அடியில் பிடித்து உருவினேன். தலைப்பக்கம் கை போயிருந்தால் அந்த நொடியே தெரிந்திருக்கும், ரோமத்தைவிட மெல்லிய கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எத்தனை கேஜ் தடிமன் என்று சொல்கிற விரல் இது. பச்சைத் துண்டைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தயாராக இல்லாமல் வந்தவனுக்கு விரல் இருந்து என்ன பிரயோஜனம். முதலில் வந்தது வெட்கம் என்று சொல்லத்தான் ஆசை. முதலில் வந்தது கோபம். படுபாவி, இதைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லையே. திருடியாவது ஒருநாள் உன்னை ஜெயித்தேன் என்று இருந்தேன். திருடினது என் பொருளையே என்று ஆக்கிவிட்டான். பதினைந்தே கால் கிலோவும் அவன் எனக்குக் கொடுத்தது. வலைப்பையில் மீன் ஒரு தடவை புரண்டு அடித்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தது போகவில்லை.

புதருக்குள் கையை விட்டேன். முள் குத்தியது, கையை வெளியே எடுத்துக்கொண்டேன். மறுபடியும் விடுவதற்குள் கரைமேல் டி.வி.எஸ். சத்தம். அந்தச் சைலன்சர் சத்தம் எனக்கு மனப்பாடம். காக்கிச் சட்டையோடு இறங்கி ஓடி வந்தான். "முருகேசங்கிட்ட டூட்டிய மாத்திட்டு வந்துட்டனுங்ணா, மனசு கேக்கல. என்னாச்சுங்க, வந்துச்சுங்களா?" நான் வலைப்பையைக் காட்டினேன். அவன் மண்டி போட்டு வலையைத் தூக்கிப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எத்தனைங்ணா?" "பதினஞ்சே கால்." "அட என் சாமி." என் முகத்தைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணில் நான் தேடினேன், பதினோரு வருஷமாக என் கண்ணில் இருந்த அந்த இது, ஒரு துளியாவது, ஒரு ஓரத்திலாவது. இல்லை. எவ்வளவு தேடினாலும் இல்லை. எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டு, "தூக்குங்க, தூக்குங்க, போட்டோ எடுத்தர்றேன்" என்றான். நீயும் வா, வாலைப் பிடி என்றேன். "நான் வரலீங்க. நான் வந்தா வெட்டோணும். நீங்க மட்டும் நில்லுங்க" என்றான். அப்படியென்றால் அந்த நாலு விரலையும் அவன் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறான்.

மீனை வலைப்பையில் விட்டதும் அவன் பையில் இருந்து பொட்டலத்தை எடுத்தான், அவன் வீட்டில் கொடுத்தனுப்பிய பணியாரம். "அன்னிக்கு நீங்க எனக்குப் போட்டீங்கல்லண்ணா, மஞ்சக்காமாலயப்ப. நான் திருப்பி ஒண்ணுமே செய்யலயேன்னு மனசுல இருந்துட்டே இருந்துச்சு. இப்பத்தான் செட்டாச்சு." கையில் எடுத்த பணியாரத்தை மறுபடியும் பொட்டலத்திலேயே வைத்தேன். அவன் மென்றுகொண்டே கரையோரத்தைப் பார்த்தான். குச்சி இருந்த இடத்தில் விரல் தடிமனுக்கு ஓர் ஓட்டை, தண்ணீர் ஊறி இருந்தது. "குச்சி எங்கீங்ணா? என் துண்டு இருந்துச்சே." "காத்துல..." என்றேன். "காத்துல விழுந்து எங்கயாச்சும்..." இன்றைக்கு வேப்பிலைகூட ஆடவில்லை. அவன் தலையைத் திருப்பினான். வெயில் இன்னும் கம்பிமேல்தான் நின்றிருந்தது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. எழுந்து போய், நான் எடுக்க முடியாமல் விட்ட முள்ளுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டான். நான் "முள்ளுப்பா, விடு" என்றேன். அவன் எடுத்துவிட்டான். முன்கையில் நீளமாக இரண்டு கீறல், ரத்தம் பொடித்தது. குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு, பிடித்து உருவிய கை வழுக்கிய தடம் அதில் அப்படியே காய்ந்திருந்தது. நாலு விரல். அவன் நிறைய நேரம் பார்க்கவில்லை. துண்டை அவிழ்த்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பைக்குள் வைத்தான். குச்சியை என்னிடம் நீட்டினான். "கம்பி உங்குளுதுங்ணா. வெச்சுக்கோங்க."

வாங்கிக்கொண்டேன். கோபப்படு, தண்டபாணி. ஒரு வார்த்தை கேள். இதைவிட ஓங்கி ஓர் அறை விட்டாலும் எனக்குத் தேவலை, நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி, சண்டை போட்டு, வருஷக்கணக்காக உள்ளே கருகிக் கிடப்பதைக் கொட்டிவிடுவேன். அவன் கேட்கவில்லை. தன் தூண்டிலைப் பிரித்து, என் இடத்துக்குப் பத்தடி தள்ளிப் போய், யாரும் தீனி போடாத தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். நான் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. திறந்தேன். "தண்டபாணி. அன்னிக்கு நான் ஒரு நாள்தாம்பா போட்டேன். நாலு நாளு இல்ல." சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். அவன் மிதப்பில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியுமுங்ணா" என்றான். "நாலு நாளு போட்ட எடத்துல ஒரு குமிழி கூடவா வராது." அவ்வளவுதான் சொன்னான். ஒரு வருஷமாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் டீ குடித்திருக்கிறான், கிருஷ்ணவேணிக்கு மீன் கொடுத்தனுப்பியிருக்கிறான், நாலு நாள் நாலரை மணிக்கு எழுந்து வந்திருக்கிறான். எப்படி முடிகிறது ஒருத்தனுக்கு. அந்தப் பதினாலு கிலோவுக்குக்கூட நான் இவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவன் பக்கம் திரும்பினேன். அப்போது அவனுடைய மிதப்பு ஒரு விரல்கடை மேலே எழும்பி, நின்று, நேராகக் கீழே இறங்கியது. தீனியே போடாத தண்ணீரில். என் வயிறு வழக்கம்போல எரிய ஆரம்பித்தது.